நீதிமொழிகளைச் சுக்கானாகப் பிடிப்பது

பாம்பனிலிருந்து ஓர் இளம் தாய் என்னிடம் கேட்டிருப்பது இதுதான்: "ஐயா, நீதிமொழிகளுக்கு 31 அதிகாரம், மாதத்துக்கு 31 நாள், நாளுக்கு ஒன்றாக வாசியுங்கள் என்று ஜெபக்கூட்டத்தில் சொன்னார்கள். நான்கு மாதமாக ஒரு நாளும் தவறாமல் வாசிக்கிறேன். நிறைய வசனங்கள் மனப்பாடமாகிவிட்டன. வீட்டில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. என் கொழுந்தன் படகுக்கு இன்ஜின் வாங்கப் போகிறார். அந்தக் கடனுக்கு நாங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார். மாமியார் பேசுகிற பேச்சுக்குப் பதில் சொல்வதா, பொறுத்துப்போவதா என்றும் தெரியவில்லை. ஒரு வசனம் செய் என்கிறது, இன்னொரு வசனம் செய்யாதே என்கிறது. இந்த ஞானத்தை அன்றாட வாழ்க்கையில் எப்படித்தான் கைக்கொள்வது?"

மகளே, நான் தங்கச்சிமடத்துக்காரன். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கோவிலில் உபதேசியாராகவும் வெகுகாலம் இருந்தேன். எங்கள் கோவிலில் வாசிப்பது திருவிவிலியம். ஆனால் அம்மா பிறந்த வீடு தென்னிந்தியத் திருச்சபை. விளக்கு வைத்தபின் அவர் ராகமாக வாசித்த பழைய மொழிபெயர்ப்புதான் எனக்குள் ஊறியிருக்கிறது. வசனங்களை அந்த நடையிலேயே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

ஒரு வசனம் செய் என்கிறது, இன்னொன்று செய்யாதே என்கிறது என்று எழுதியிருக்கிறாய் அல்லவா? நான்கு மாதம் வாசித்ததன் பலன் அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது. பலர் ஆயுள் முழுவதும் வாசித்தும் அதைக் கவனிப்பதில்லை. 26-ஆம் அதிகாரத்தில் இது ஒளிவுமறைவு இல்லாமல் அடுத்தடுத்தே நிற்கிறது. "மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே" என்கிறது நான்காம் வசனம். "மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடு" என்கிறது ஐந்தாம் வசனம். தொகுத்தவர் கவனக்குறைவாக இருந்துவிட்டார் என்று எண்ணாதே. இரண்டையும் தெரிந்தேதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். இன்றைக்கு எது என்று பார்க்க வேண்டியது நீ.

இதை எனக்கு விளங்க வைத்தது வேதபாட வகுப்பு அல்ல, அப்பாவின் கை. சிறுவனாக இருந்தபோது பாய் கட்டிய வத்தையில் அவரோடு போயிருக்கிறேன். பின்புறம் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்திருப்பார். கரையோரத்துப் பனைமரம் ஒன்றைக் குறியாக வைத்துக்கொண்டு, அவர் பேசாமல் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் நான் நினைத்தேன். ஒரு நாள் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்தேன். அது ஒரு கணமும் சும்மா இல்லை. அலை ஏறும்போது ஒரு விரல்கடை உள்ளே வரும், இறங்கும்போது வெளியே போகும். காற்று சற்றுத் தளர்ந்தால் மணிக்கட்டு திரும்பும். நேராகப் போவதற்காக ஓயாமல் திருத்திக்கொண்டே இருந்தார். சுக்கானை ஒரே நிலையில் கட்டிவிட்டுப் படுத்திருந்தால் அந்தப் பனைமரத்தை நாங்கள் பார்த்திருக்கவே மாட்டோம்.

பல ஆண்டு கழித்து, நீதிமொழிகள் முதல் அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. "விவேகி நல்லாலோசனைகளை அடைந்து" என்று நாம் வாசிக்கிறோம். அங்கே எபிரேயத்தில் இருப்பது 'தஹ்புலோத்' என்ற சொல். கயிறு, மாலுமி என்னும் சொற்களோடு பிறந்த சொல் அது. கயிறு இழுத்துக் கப்பலைத் திருப்புகிற வேலை அதன் அடியில் இருக்கிறது. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே அதைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூதர்கள் அந்த இடத்தில் சுக்கான் பிடித்தல் என்று பொருள்படும் 'குபெர்னேசிஸ்' என்றே எழுதினார்கள். வாசலிலேயே புத்தகம் சொல்லிவிடுகிறது, உனக்கு நான் தருவது சுக்கான் பிடிக்கிற கை என்று. 107-ஆம் சங்கீதத்தில், கொந்தளிக்கும் கடலில் தவிக்கிறவர்களைப் பற்றி, "அவர்களுடைய ஞானமெல்லாம் முழுகிப்போகிறது" என்று வருகிறது. கடலோடியின் தொழில்திறமைக்கு அங்கே இருக்கும் சொல் 'ஹொக்மா'. சாலொமோனின் ஞானத்துக்கும் அதே சொல்தான். நம் கடற்கரை மக்கள் படிக்காதவர்கள், ஞானம் படித்தவர்களுக்கு உரியது என்று பேசுகிறவர்கள் அந்தச் சங்கீதத்தை வாசித்துப் பார்க்கட்டும்.

வசனங்களைச் சரக்காக ஏற்றிக்கொண்டே போனால் படகு நிறையும், திரும்பாது. நான்கு மாதத்தில் உனக்கு நேர்ந்தது அதுவாக இருக்கலாம் என்று படுகிறது.

காற்றையே எடுத்துக்கொள். "காற்றைக் கவனிக்கிறவன் விதைக்கமாட்டான், மேகங்களை நோக்குகிறவன் அறுக்கமாட்டான்" என்கிறது வேதத்தின் பிரசங்கி புத்தகம். இதை நம் கரையில் ஒருவரிடம் அப்படியே சொன்னால், காற்றைக் கவனிக்காதவன் கரை திரும்பமாட்டான் என்பார். அவர் சொல்வதும் வேதத்தில் இருக்கிறது: "விவேகி ஆபத்தைக் கண்டு மறைந்துகொள்ளுகிறான், பேதைகள் நெடுகப்போய் தண்டிக்கப்படுகிறார்கள்." 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலுக்குப் பின் எங்கள் வீட்டில் அந்த வசனத்தை விளக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. அங்கே இன்றும் நிற்கும் கோவில் சுவர்களை நீயும் பார்த்திருப்பாய்.

ஆனால் நம் ஆட்கள் காற்றைப் பார்த்து வீட்டில் முடங்கிக் கிடப்பவர்களும் அல்ல. நமக்கு இரண்டு கடல் இருக்கிறது. வாடை அடித்து வடகடல் கொந்தளிக்கும் மாதங்களில் தென்கடலில் தொழில் பார்ப்பார்கள். கச்சான் வீசித் தென்கடல் சீறும்போது வடகடலுக்கு வருவார்கள். காற்றைக் கவனிக்கிறார்கள், தொழிலையும் விடவில்லை. நல்ல நாள் பார்த்துப் பார்த்தே ஒன்றும் தொடங்காதவனுக்குப் பிரசங்கியின் வசனம். எச்சரிக்கை கொடி ஏறிய பின்னும் போகிறேன் என்பவனுக்கு நீதிமொழி. நீ எந்தப் பக்கம் சாய்கிற ஆள் என்று உனக்கே தெரியும். உன் சாய்வுக்கு எதிர்ப்பக்கம் இழுக்கிற வசனமே பெரும்பாலும் உனக்கு உரியது. நமக்குப் பிடித்த வசனத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தால் சாய்ந்த பக்கமே இன்னும் சாய்வோம்.

இனி அந்த ஜாமீன். உன் கேள்வியில் உடனே பதில் வேண்டியது அது, எனக்கு வலிக்கிற இடமும் அதுதான்.

நீதிமொழிகள் இதில் வளைந்து கொடுப்பதில்லை. ஆறாம் அதிகாரம் தொடங்குவதே, "என் மகனே, நீ உன் சிநேகிதனுக்காகப் பிணைப்பட்டு, அந்நியனுக்குக் கையடித்துக்கொடுத்தாயானால்" என்றுதான். கையடித்துக் கொடுத்தால் அந்தக் காலத்தில் அதுவே பத்திரம். 11, 17, 20, 22-ஆம் அதிகாரங்களிலும் இதே எச்சரிக்கை திரும்ப வருகிறது. 22-இல் சொல்வது கடுமையானது: செலுத்த ஒன்றுமில்லாவிட்டால் "நீ படுத்திருக்கும் படுக்கையையும்" அவன் எடுத்துக்கொண்டு போவான். பிணைக்கு எதிராக இத்தனை தடவை பேசுகிற புத்தகத்தைப் பக்தியோடு வாசித்துவிட்டு, அதே வாரத்தில் குழுக் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறோம். ஐந்து பெண்கள் சேர்ந்து வாங்குகிற கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வர் கட்ட வேண்டும் என்றால், அதற்குப் பெயர் பிணைதானே? பெயர் மாறிவிட்டதால் வசனம் நம் கண்ணில் படுவதில்லை.

நான் அப்படிப் போட்டவன். கூடப் படித்த நண்பன், சொந்தச் சகோதரனைவிட நெருக்கம். இன்ஜினுக்கும் வலைக்கும் சேர்த்துக் கடன். மாதச் சம்பளக்காரன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். என் மனைவியிடம் கேட்காமல் போட்டேன். மீன்பிடித் தடைக்காலம் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இப்போது 61 நாள். அப்போது 45 நாள். விசைப்படகு கரையில் நிற்கும், தவணை நிற்காது. அடுத்த ஆண்டு இன்ஜினே பழுதாகிவிட்டது. ஆள் தேடி என் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார்கள். மனைவியின் சங்கிலியும் மகளின் தோடும் அடகுக் கடைக்குப் போயின. அவள் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, துளை அடைந்துவிடக் கூடாது என்று வேப்பங்குச்சியை ஒடித்துக் காதில் செருகிக்கொண்டாள். பத்து வயதுப் பிள்ளை. அந்தக் குச்சியை நான் இன்னும் மறக்கவில்லை.

பணம் போனதைவிட என்னை அரித்தது வேறு. நண்பனும் நானும் பேசுவதை நிறுத்திக்கொண்டோம். அவன் வெட்கத்தில் என்னைத் தவிர்த்தான், நான் கோபத்தில் அவனைத் தவிர்த்தேன். இரண்டு ஆண்டு. அந்த ஆறாம் அதிகாரத்தில் பிணைப்பட்டவன் என்ன செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. அதை நான் தாண்டித் தாண்டி வாசித்திருக்கிறேன். "நீ போய் உன்னைத் தாழ்த்தி, உன் சிநேகிதனை வருந்திக் கேட்டுக்கொள்" என்கிறது. கண்ணுக்கு நித்திரை வரவிடாதே, குருவி வேடன் கைக்குத் தப்புவதுபோலத் தப்பித்துக்கொள் என்கிறது. போ என்கிறது மகளே. வீட்டில் உட்கார்ந்து புழுங்கு என்று சொல்லவில்லை. கடைசியில் ஒரு மாலை போனேன். திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்தான். ஊசி நின்றது. இரண்டு பேரும் வெகுநேரம் பேசவில்லை. அவன் மனைவி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து நடுவில் வைத்தார். மாதம் எவ்வளவு முடியும் என்று கேட்டேன். அவன் சொன்ன தொகை சிறியது. ஆனால் ஒரு மாதமும் தவறாமல் கொடுத்தான். முதல் மாதமே போயிருந்தால் தோட்டை மூழ்கவிடாமல் மீட்டிருக்கலாம்.

அப்படியானால் யாருக்கும் பிணை நிற்கவே கூடாதா? இங்கேதான் கவனமாகக் கேள். உன் வீட்டில் இருக்கும் கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் சீராக்கின் ஞான நூலை எடுத்து 29-ஆம் அதிகாரத்தை வாசி. நல்ல மனிதர் தமக்கு அடுத்தவருக்காகப் பிணை நிற்பார் என்று அங்கே இருக்கிறது! அதே மூச்சில், பிணை நின்றது செல்வந்தர் பலரை அழித்துக் கடல் அலைபோல அலைக்கழித்தது என்றும் சொல்கிறது. முடிக்கும்போது, உன்னால் இயன்ற அளவு உதவு, ஆனால் நீயே விழுந்துவிடாதபடி பார்த்துக்கொள் என்கிறது. ஆதியாகமத்தில் யூதா, தம்பி பென்யமீனுக்காகத் தகப்பனிடம் பிணை நின்றான். சொன்ன சொல்லைக் காப்பாற்ற, தம்பிக்குப் பதிலாகத் தானே அடிமையாகிறேன் என்று முன்வந்தான். எபிரேயருக்கு எழுதின நிருபம் 7:22 நம் ஆண்டவரையே பிணையாளி என்கிறது. பிணையைப் பாவம் என்று சொல்கிற புத்தகம் அல்ல இது. பிணை நிற்பவன் முழு விலையையும் தானே கொடுக்கத் துணிந்து நிற்க வேண்டும் என்கிறது. யூதா துணிந்து நின்றான். நான் நண்பன் கட்டிவிடுவான் என்று நம்பி நின்றேன். இரண்டும் ஒன்றல்ல.

ஆகவே நீயும் உன் வீட்டுக்காரரும் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே: கொழுந்தன் ஒரு தவணைகூடக் கட்டவில்லை என்றால், முழுக் கடனையும் நாம் கட்டிவிட்டு, பிள்ளைகளின் சோற்றிலும் படிப்பிலும் கைவைக்காமல், அவரோடு முகம் கொடுத்துப் பேச முடியுமா? முடியும் என்றால் கையெழுத்துப் போடு; அது அன்பு. முடியாது என்றால், திரும்ப எதிர்பார்க்காமல் எவ்வளவு கொடுக்க முடியுமோ அதைக் கையில் கொடுங்கள். ஐயாயிரம் என்றால் ஐயாயிரம். கையெழுத்து மட்டும் வேண்டாம். தடைக்கால மாதங்களில் தவணை எங்கிருந்து வரும் என்று கொழுந்தனிடமே கேள். அதற்கு அவரிடம் பதில் இருந்தால் நல்ல அறிகுறி. கேட்டதற்கே கோபப்பட்டால் அதுவும் ஓர் அறிகுறிதான்.

மாமியார் விஷயத்தில் நான் அதிகம் சொல்லப் போவதில்லை. உன் வீட்டை நான் பார்த்ததில்லை, "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" என்ற வசனம் என் வாயைக் கட்டுகிறது. ஒன்று மட்டும் கவனி. "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்" என்பதைப் பெண்களிடம் சொல்லும்போது, வாயை மூடிக்கொண்டிரு என்பதுபோலச் சொல்கிறார்கள். வசனம் அப்படிச் சொல்லவில்லை. பிரதியுத்தரம் என்றால் பதில். பதில் உண்டு, அது மெதுவானது, அவ்வளவே. மனதில் இருப்பதைச் சொல்லாமல் ஆறு மாதம் சேர்த்துவைத்துத் திருவிழா அன்று மொத்தமாகக் கொட்டுவதைவிட, அன்றைக்கு உள்ளதைத் தாழ்ந்த குரலில் அன்றைக்கே சொல்லிவிடுவது எவ்வளவோ மேல். இதை வாசிக்கும் வேறு யாருடைய வீட்டிலாவது பேச்சு தாண்டிக் கை நீளுமானால், அங்கே இந்த வசனத்தைத் தேடாதே. விவேகி ஆபத்தைக் கண்டு மறைந்துகொள்ளுகிறான் என்பதே அந்த வீட்டுக்கான வசனம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போ.

வாசித்தும் வீட்டில் ஒன்றும் மாறவில்லை என்கிறாயே, அதன் அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: நான் என் பங்கைச் செய்தேன், கடவுள் ஏன் தம் பங்கைச் செய்யவில்லை? பல மேடைகளில் நீதிமொழிகளை அப்படித்தான் விற்கிறார்கள். "கர்த்தரின் ஆசீர்வாதமே ஐசுவரியத்தைத் தரும்" என்று முழங்கிவிட்டுக் காணிக்கைப் பை வரும். இது எனக்கு மிகுந்த மனவேதனை தருகிற விஷயம். நீதிமொழி என்பது பொதுவாக உலகம் இப்படி நடக்கும் என்று கண்டறிந்து சொன்ன சொல். சோம்பேறி பொதுவாக வறுமைக்கு வருவான். அதனால் வறுமையில் இருப்பவன் எல்லாம் சோம்பேறி ஆகிவிட மாட்டான். பத்தாம் அதிகாரம் சொல்கிறது, "கர்த்தருக்குப் பயப்படுதல் ஆயுசுநாட்களைப் பெருகப்பண்ணும்" என்று. நம் மாவட்டத்து ஓரியூருக்குப் போய்ப் பார். ஜான் டி பிரிட்டோ என்ற குருவானவர் அருளானந்தர் அங்கே 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டிக் கொல்லப்பட்டபோது அவருக்கு 45 வயது. கர்த்தருக்குப் பயப்படாதவரா அவர்? அந்தச் செம்மண்ணை நெற்றியில் வைத்துக்கொள்கிற நாமே, கஷ்டப்படுகிற பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து ஏதோ பாவம் இருக்கிறது என்று பேசலாமா?

நானும் பேசியிருக்கிறேன். உபதேசியாராகிய புதிதில், ஓர் ஐப்பசி மாதம், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒருவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடல் கிடைத்த அன்று நான் வேதப்புத்தகத்தோடு போனேன். அவர் மனைவிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று தொடங்கினேன். அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையில் நான் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்தி கஞ்சிப் பானையோடு உள்ளே வந்தாள். பானையை மூலையில் வைத்துவிட்டு, அழுதுகொண்டிருந்த சின்னப் பிள்ளையை மடியில் இழுத்துப்போட்டு, மூன்று நாளாகச் சிக்குப் பிடித்திருந்த தலையைச் சீப்பால் மெல்ல மெல்ல நுனியிலிருந்து எடுத்துச் சீவினாள். இரட்டைச் சடை பின்னி முடிக்கும் வரை ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகுதான் அந்தத் தாய் கஞ்சியை வாயில் வைத்தாள்.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபு அந்த வசனத்தைத் தன்னைப் பற்றிச் சொன்னான். யாரும் அவனிடம் போய் அதைச் சொல்லவில்லை. அவனுடைய நண்பர்கள் செய்ததில் சரியானது ஒன்றுதான், முதல் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமலிருந்தது. வாய் திறந்த பிறகு அவர்கள் சொன்னதில் பாதி, நீதிமொழிகளில் உள்ளது போன்ற நல்ல நல்ல வாக்கியங்கள்தான். கடைசியில் கடவுள் அவர்கள்மேல்தான் கோபப்பட்டார். மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன், குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப்போல என்று நீதிமொழிகள் 25-ஆம் அதிகாரமே சொல்கிறது. எழுத்தறியாத அந்தக் கிழவிக்கு அது தெரிந்திருந்தது. புத்தகம் வைத்திருந்த எனக்குத் தெரியவில்லை.

சந்தை விஷயத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், உன் வீட்டுக்காரர் மீன் பிடித்து விற்கிறவர் என்பதால். "கொள்ளுகிறவன்: நல்லதல்ல, நல்லதல்ல என்று சொல்லுவான், போய்விட்டபின்போ மெச்சிக்கொள்வான்." கரையில் ஏலம் எடுக்கிறவர் சீலா மீனின் செவுளை விரலால் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறாரே, அந்த ஆளை மூவாயிரம் ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள். விற்கிறவர் பக்கமும் உண்டு: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது." ஐஸ் கரைந்த தண்ணீரோடு நண்டை நிறுப்பதும் அதில் அடக்கம். கீழக்கரையில் எங்களுக்குத் தெரிந்த ஓர் இஸ்லாமிய வியாபாரி, தராசுத் தட்டை ஒவ்வொரு முறையும் கவிழ்த்துத் துடைத்துவிட்டே நிறுப்பார். இந்த வசனத்தை அவரிடமிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. நீதிமொழிகள் 22, 23-ஆம் அதிகாரங்களில் ஒரு பெரும்பகுதி எகிப்து நாட்டு அமெனெமோபே என்பவரின் அறிவுரையோடு நெருக்கமாக ஒத்துப்போகிறது. நல்லது எங்கிருந்து வந்தாலும் எடுத்துக்கொண்டு, கர்த்தருக்குப் பயப்படுதல் என்ற நூலில் கோத்தார்கள்.

31-ஆம் அதிகாரத்தை மாதத்தின் கடைசி நாளில் வாசித்திருப்பாய். "அவளுடைய விலை முத்துக்களைப்பார்க்கிலும் உயர்ந்தது." முத்துக் குளித்த கடலோரத்தில் பிறந்த நமக்கு அந்த உவமையை யாரும் விளக்க வேண்டாம். அன்னையர் தின வாழ்த்துக்கும் கல்யாண வீட்டுப் பிரசங்கத்துக்கும் அதைப் பயன்படுத்துகிறோம். விடியுமுன் எழுந்திரு, விளக்கை அணையவிடாதே என்று பெண்ணுக்கு வேலைப் பட்டியல் போடுகிறோம். அதன் கடைசி வசனம் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று பார்: "அவள் கைகளின் பலனை அவளுக்குக் கொடுங்கள்." கொடுங்கள் என்பது ஊராருக்கு இடும் கட்டளை. சின்னப்பாலத்துப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, பாறையிலிருந்து பாசி பறித்துவருவது உனக்குத் தெரியும். அந்தப் பாசிக்கு என்ன விலை என்று தீர்மானிப்பது அவர்கள் அல்ல. அந்த விலையைப் பற்றி யோசிக்காமல் குணசாலியான ஸ்திரீயைப் புகழ்கிற பிரசங்கம் அந்த வசனத்துக்குக் கீழ்ப்படியாத பிரசங்கம். உன் வீட்டில் நீ சம்பாதிக்கிற பணம் எதற்குப் போகிறது என்று முடிவு செய்வதில் உனக்குப் பங்கு இருக்கிறதா என்பதையும் இந்த வசனத்தை வைத்தே கேட்கலாம்.

வாசிப்பை நிறுத்த வேண்டாம். ஆனால் நாளுக்கு ஓர் அதிகாரம் என்பதைக் கொஞ்ச காலத்துக்கு விட்டுவிட்டு, வாரத்துக்கு ஒரே ஒரு வசனத்தை எடு. அந்த வாரத்தில் வீட்டில் எது நெருக்குகிறதோ அதற்கு ஏற்றது. அதற்கு எதிராகப் பேசுகிற இன்னொரு வசனத்தையும் தேடிப் பக்கத்தில் எழுதிவை. சமைக்கும்போது இரண்டையும் மனதில் உருட்டிக்கொண்டிரு. "ஏற்றகாலத்தில் சொன்ன வார்த்தை எவ்வளவு நல்லது" என்று 15-ஆம் அதிகாரத்தில் வருகிறதே, அந்த ஏற்றகாலம் எது என்பது மனப்பாடத்தில் வராது, புழங்கப் புழங்கத்தான் பிடிபடும். அப்பாவின் கையும் ஒரே நாளில் அப்படி ஆகியிருக்காது.

இந்த வாரத்துக்கு உனக்கு ஆகூரின் ஜெபத்தைத் தருகிறேன், 30-ஆம் அதிகாரம். "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக... என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்." அரிசி அளக்கிற படியை நினைத்துக்கொண்டு சொல். நீதிமொழிகள் முழுவதிலும் கடவுளைப் பார்த்து நேரடியாகப் பேசுகிற ஜெபம் இது ஒன்றுதான். என் மனைவி, சங்கிலியை மீட்ட அன்று, இதைத்தான் சொன்னாள்.

படகு போகாத நாளில், வீட்டுக்காரர் குளித்துச் சாப்பிட்டுத் திண்ணையில் உட்காரும் நேரம் பார்த்து இந்தப் பேச்சை எடு. கடலிலிருந்து இறங்கிய களைப்பில் இருக்கும்போது வேண்டாம். முதலில் அவர் தம்பியைப் பற்றி நல்லது எதையாவது சொல். கட்டாயம் ஏதாவது இருக்கும். பிறகு ஒரு தாளில் மாதத் தவணையையும், தடைக்காலத்து இரண்டு மாதத்தையும் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் கணக்குப் பார்த்து முடிக்கும் வரை பேசாமல் இரு.